வெள்ளைப் பெயிண்டுக்குள் ஊறும் பலகை

ஃபைபர் படகு என்றால் மரமே இல்லாத படகு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "ஃபைபர்தானே, உளுத்துப் போகாது, கரையான் அரிக்காது, பத்து வருசத்துக்குக் கவலையில்லை" என்று சொல்லித்தான் பழைய படகுகள் கைமாறுகின்றன. ஆனால் கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர் ஆற்றோரங்களில் கட்டிக் கிடக்கும் சிறு படகுகள் பலவற்றின் பின்சுவருக்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. அந்தப் பலகைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும் படகு உள்ளே மக்கத் தொடங்கிவிடும். நான் ஃபைபர் வேலை செய்பவன். பட்டறைக்கு வரும் படகுகளில் நான் முதலில் தட்டிப் பார்ப்பது இந்தப் பின்சுவரைத்தான்.

எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கும் இந்தச் சுவரை டிரான்சம் என்பார்கள். வெளியே ஓர் ஃபைபர் தோல், உள்ளே ஓர் ஃபைபர் தோல், நடுவில் ஒன்றரை அங்குலப் பலகை. பிஸ்கட்டுக்குள் கிரீம் வைத்த மாதிரிதான். மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும்வரை அந்தச் சுவருக்கு அசாத்திய பலம். நடுப்பலகை சொதசொதவென்று ஆகிவிட்டால் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தோல்கள் மட்டுமே.

அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். 60 குதிரைத் திறன் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் 100 முதல் 120 கிலோ வரை இருக்கும். அது சும்மா தொங்கும் பாரம் அல்ல. விசிறி தண்ணீருக்கடியில் படகை முன்னால் தள்ளும்போது, எஞ்சின் தாங்கியின் கீழ்ப்பகுதி சுவரை உள்நோக்கி அழுத்துகிறது. மேல்பகுதி பின்னோக்கிப் பிடுங்குகிறது. கடப்பாரை போட்டு நெம்புகிற அதே வேலை. படகு அலையில் ஏறி விழும் ஒவ்வொரு முறையும் அந்த நெம்பல் பல மடங்காகும். இதையெல்லாம் தாங்கி நிற்பவை நான்கு போல்ட்டுகள். அந்த போல்ட்டுகள் கடித்துக்கொண்டிருப்பது அந்தப் பலகையை.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பெரிய ஓட்டை தேவையில்லை. மீன் காட்டும் கருவியின் உணரியைப் பொருத்த இரண்டு ஸ்குரூ அடித்திருப்பார்கள். துளைக்குள் பசை வைத்திருக்க மாட்டார்கள். ஏணி, தூண்டில் தாங்கி, பேட்டரிப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. படகுத் தண்ணீரை வடிக்கும் அடைப்பான் துளையில் இருக்கும் பித்தளைக் குழாய் காலப்போக்கில் அரித்துப் போகும். சுவரின் மேல் விளிம்பை மூடும் அலுமினியப் பட்டைக்கு அடியில் விரிசல் விழும். எஞ்சின் போல்ட்டைச் சுற்றிப் பூசிய பசை காய்ந்து விலகும்.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். காற்று வேண்டும், வெப்பம் வேண்டும்; நம் நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் இதில் பெரிய எதிரி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். மழைநீர் அப்படிச் செய்யாது. கடலுக்கே போகாமல், தார்ப்பாய் கிழிந்து, மாதக்கணக்கில் மழையில் கிடந்த படகுகள்தான் பெரும்பாலும் மோசமாக மக்கிப்போய் வருகின்றன.

மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திரெங்கானுவில் புலாவ் டுயோங் கைவினைஞர்கள் வரைபடமே இல்லாமல் செங்கால் மரத்தில் படகு கட்டிப் பேர் வாங்கியவர்கள். முதலில் பலகைகளைச் சேர்த்து உடம்பை எழுப்பிவிட்டுப் பிறகு உள்ளே விலா எலும்புகளைப் பொருத்துவது அவர்கள் முறை. அந்த மரம் நனையும், காயும், மூச்சுவிடும். ஃபைபர் தோலுக்குள் மாட்டிக்கொண்ட ஒட்டுப்பலகை நனைந்தால் காய வழியே இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஒரு படகும் மூன்று யோசனைகளும்

கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் படகை என்னிடம் கொண்டு வந்தார். பதினேழு அடிப் படகு, 60 குதிரைத் திறன் எஞ்சின். சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கியது. வாரத்தில் மூன்று நாள் மருமகனோடு போய் சியாக்காப், கெலாமா பிடித்து வந்து விற்கிறார். "எஞ்சின் வேகமெடுக்கும்போது பின்னால் கிரீச்னு ஒரு சத்தம் வருது தம்பி. ஒரு அலுமினியத் தட்டு வச்சு இறுக்கிக் குடுத்துடு, போதும்" என்றார்.

எஞ்சினின் அடிப்பகுதியை இரண்டு கையால் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினோடு சேர்ந்து சுவரும் அசைந்தது. மேல் போல்ட்டுகளின் வாஷர்கள் சுவருக்குள் அழுந்திப் பள்ளமாகியிருந்தன. சுவரும் பக்கவாட்டும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல். சின்ன சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல பலகை 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். இது 'தொப் தொப்' என்றது.

கடைசிச் சோதனையை அவர் கண்முன் செய்தேன். உட்புறத்திலிருந்து, வெளித்தோலைத் தொடாமல், ஆறு மில்லிமீட்டர் துளைகள் நான்கு. உலர்ந்த பலகையாக இருந்தால் வெளிர் நிறத்தில் தூள் வரும். மேல் இரண்டில் அப்படித்தான் வந்தது. கீழ் இரண்டிலிருந்து வந்தது கறுத்த கூழ். அதற்குப் பின்னாலேயே தேநீர் நிறத்தில் தண்ணீர். ஊறிய கோணிச் சாக்கின் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது.

தட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு விளக்கினேன். தட்டு பாரத்தைப் பரப்பித் தரும், உண்மைதான். ஆனால் நடுவில் இருப்பது கூழ். போல்ட்டை இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொண்டே போகும். ஒரு மாதத்தில் மறுபடியும் ஆடும். தட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. துளைகள் போட்டு ரெசினை ஊற்றி நிரப்புவது இரண்டாவது யோசனை. ஈர மரம் ரெசினை உறிஞ்சாது. துளையைச் சுற்றி மட்டும் கெட்டியாகும், மற்றதெல்லாம் தொடர்ந்து மக்கும்.

மூன்றாவது யோசனை மருமகனுடையது. "மேலே நல்லா பெயிண்ட் அடிச்சு வித்துடலாம் மாமா. நமக்கும் அப்படித்தானே வித்தான்." அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சுவரின் கீழ் மூலையில் புதுப் பெயிண்டுக்கு அடியில் புட்டி அடைத்த தடம் தெரிந்தது. விற்றவர் தெரிந்தேதான் மறைத்திருக்கிறார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெஸ்ட்போர்ட் பக்கம் கப்பல் போறப்ப எழும்புற அலையை நீயும் பாத்திருக்க. வாங்குறவன் புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போவான். வேணாம். பிரிச்சிடு தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன அலை சாதாரணமானதல்ல. கிள்ளான் நீரிணையில் பெரிய சரக்குக் கப்பல்கள் போன பின்னால் வரும் அலை சிறு படகைப் பின்னாலிருந்து தூக்கிப் போடும். அந்த நேரத்தில் எஞ்சின் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனால், படகின் மிகத் தாழ்ந்த இடத்தில் வாசல் திறந்த மாதிரி. பின்பக்கமாகத்தான் மூழ்கும், ஒதுங்க நேரம் கிடைக்காது.

பிரிக்கும் வேலை

எஞ்சினை சங்கிலி பிளாக்கில் இறக்கிவிட்டு, படகின் இரண்டு பக்கவாட்டையும் குறுக்குச் சட்டம் அடித்துப் பிணைத்தோம். பின்சுவர் இல்லாத படகு வாய் பிளந்த மாதிரி விரிந்துவிடும். அந்த அளவு மாறினால் புதுப் பலகை உட்காராது. பழைய எஞ்சின் துளைகள் எங்கே இருக்கின்றன, சுவர் எவ்வளவு சாய்வு, மொத்தத் தடிமன் எவ்வளவு என்று அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டோம்.

வெளித்தோலைத் தொடாமல் உள்ளிருந்து வெட்டுவதுதான் என் வழக்கம். ரம்பத்தின் ஆழத்தை உள்தோலின் தடிமனுக்கு மட்டும் வைத்து, ஓரங்களில் மூன்று அங்குலம் விட்டு வெட்டினால், அந்த விளிம்பில் புதுத் துணியை ஏற்றி ஒட்டலாம். தோலைப் பெயர்த்ததும் மேல் பாதியை உளியால் செதுக்க வேண்டியிருந்தது. கீழ் பாதியைக் கையாலேயே அள்ளினோம். மருமகன் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

மிச்சம் மீதி மரம் இருக்கக்கூடாது. கிரைண்டரில் முரட்டுத் தாள் போட்டு வெளித்தோலின் உட்பக்கம் முழுவதையும் புது ஃபைபர் தெரியும்வரை தேய்த்தோம். பிறகு தகரக் கொட்டகைக்குள் மின்விசிறி வைத்துப் பத்து நாள் காயப் போட்டேன். இந்தப் பத்து நாளில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும். ஈரத்தின்மேல் ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது.

ஃபைபர் தூள் விளையாட்டல்ல. கை முழுக்க மூடிய சட்டை, கண்ணாடி, தூள் வடிகட்டும் முகமூடி வேண்டும். ரெசின் வேலைக்கு ஆவி வடிகட்டும் முகமூடி தனி. துணி முகமூடி இரண்டுக்கும் உதவாது.

பலகையும் பசையும்

மறுபடியும் பலகையா என்று கேட்பவர்கள் உண்டு. மக்காத அடர்நுரைப் பலகைகள் வந்திருக்கின்றன. நல்லவை, விலை அதிகம். ஊற்றி நிரப்பும் கலவைகளும் உண்டு. தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் நல்ல கடல்தரப் பலகை இருபது ஆண்டு உழைக்கும். பெரியவரின் பட்ஜெட்டும் அதுதான். கடல்தரம் என்றால் பிஎஸ் 1088 தரக்குறி உள்ள பலகை. ஹார்ட்வேர் கடையில் அலமாரிக்கு விற்கும் பலகையின் நடு அடுக்குகளில் வெற்றிடம் இருக்கும். தண்ணீர் அதில் ஓடும்.

18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்கினோம். அடுத்தது ரெசின். படகுப் பட்டறைகளில் சாதாரணமாகப் பயன்படுவது பாலியெஸ்டர். விலை மலிவு, ஆனால் காயும்போது சுருங்கும், மரத்தை அவ்வளவாகப் பிடிக்காது. மரத்தை ஒட்டும் இந்த வேலைக்கு எப்பாக்சியைத்தான் தேர்ந்தெடுப்பேன். பழைய பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். காய்ந்த எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் நம்பிக்கையாகப் பிடிக்காது. ஆகவே தொடங்கியதில் முடிக்க வேண்டும். எப்பாக்சிக்கு தைத்த கண்ணாடியிழைத் துணியைத்தான் வாங்க வேண்டும். வெட்டிய இழைகளால் ஆன சாதாரண மேட்டைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எப்பாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும்.

நம் வெயிலுக்கு மெதுவாகக் கெட்டியாகும் ஹார்டனர் அவசியம். ஒரு வாளியில் மொத்தமாகக் கலந்தால் சில நிமிடங்களில் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் வேலை நேரம் கிடைக்கும். பலகைக்கு முதல் பூச்சைக் காலையில் பூசக்கூடாது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து குமிழி குமிழியாக வெளியே வரும். மாலை நான்கு மணிக்கு மேல், மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகையின் ஓரங்களுக்கும் ஒவ்வொரு துளைக்கும் மூன்று பூச்சு.

ஒட்டும் கலவையை சிலிகாத் தூள் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதத்துக்குக் கெட்டியாக்கினோம். தோலிலும் பலகையிலும் பல்கரண்டியால் வரிவரியாகப் பூசிப் பலகையை வைத்து, பழைய எஞ்சின் துளைகள் வழியாகவே மெழுகு தடவிய போல்ட் போட்டு இறுக்கினோம். நான்கு ஓரத்திலும் கலவை பிதுங்கி வந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். ஓர் ஓரத்தில் மட்டும் வரவில்லை. கழற்றி, அந்த இடத்தில் மேலும் பூசி மறுபடி இறுக்கினோம்.

அது காய்ந்ததும் மூலைகளை அதே கலவையால் விரல் தடிமனுக்கு வளைவாக நிரப்பினோம். கூர்மையான மூலையில் துணி மடங்கி காற்று அடைத்துக்கொள்ளும். பிறகு துணி: முதல் பட்டை படகின் பக்கத்தில் நான்கு அங்குலம் ஏறி ஒட்ட வேண்டும், அடுத்தது ஆறு, அதற்கடுத்தது எட்டு. வெட்டிவிட்ட பழைய தோலின் விளிம்பையும் சரிவாகத் தேய்த்திருந்தோம். தோலின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால்தான் புதியதும் பழையதும் ஒரே தோலாக வேலை செய்யும். எப்பாக்சி காய்ந்தபின் மேலே மெழுகு போல் ஒரு படலம் வரும். தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

போல்ட் துளைதான் உயிர்நிலை

இவ்வளவும் செய்துவிட்டு எஞ்சின் துளையை நேராகப் போட்டு மாட்டினால், மறுபடியும் மரம் அந்தத் துளையில் திறந்து கிடக்கும். 13 மில்லிமீட்டர் துளை வேண்டிய இடத்தில் முதலில் 20 மில்லிமீட்டர் போட வேண்டும். அதைக் கெட்டி எப்பாக்சியால் முழுக்க நிரப்பி, காய்ந்தபின் நடுவில் 13 போட்டால், போல்ட்டைச் சுற்றி எப்பாக்சி வளையம் இருக்கும். பசை விலகித் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. அடைப்பான் துளை, ஏணி ஸ்குரூ எல்லாவற்றுக்கும் இதே முறைதான். தண்ணீருக்கடியில் வரும் இடங்களில் பாலியூரித்தேன் பசையைப் போட வேண்டும். குளியலறை சிலிக்கானைப் போடாதீர்கள்.

பாலியெஸ்டரில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 விழுக்காடுதான். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். அது ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ரெசினோடு தனியாக கோபால்ட் திரவம் தருகிறார்கள் என்றால், அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது; வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன்பிறகே கேட்டலிஸ்ட். துடைத்த துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடி வைக்காதீர்கள், தானே தீப்பிடிக்கும்.

மூன்று வாரத்தில் எஞ்சின் ஏறியது. பொருள்களுக்கு மட்டும் ஆன செலவு 1,200 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதை இரண்டு தவணையாகத் தந்தார் பெரியவர். முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போனேன். திரும்பி வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தோம், அசையவில்லை. புட்டி அடைத்த அந்தக் கீழ் மூலைக்கு மருமகன் தாமே பெயிண்ட் அடித்தார்.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு

பெயிண்டைப் பார்க்காதீர்கள். பின்சுவர் மட்டும் புதுப் பெயிண்டாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். எஞ்சினின் அடியைப் பிடித்துத் தூக்குங்கள். சுவர் அசைந்தால் பேரம் பேச வேண்டாம். வாஷர்கள் அழுந்தியிருக்கின்றனவா, மூலைகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். சுத்தியல் பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். அடைப்பான் குழாயைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். மக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரைக் கேளுங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்யலாம்; கால் மணி நேரம் போதும். கரையில் ஏற்றி வைத்தால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். தார்ப்பாய் கிழிந்திருந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். பயன்படாத பழைய ஸ்குரூத் துளை ஏதாவது சுவரில் இருந்தால், இந்த வாரமே அதை எப்பாக்சியால் அடையுங்கள்.